இரண்டு குட்டை, ஒரு நெட்டை

டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் பாம்பாம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு; அது டிரைவிங் லைசென்ஸுக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் அவர் ஹாரன் அடிப்பார். ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் நீளமாக ஹாரன் அடிப்பார். டவுன் பஸ் என்பது அடிப்படையில் ஒரு ஹாரன், அதைச் சுற்றி ஜனங்கள் உட்காரத் தகரம் அடித்திருக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். பஸ் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். பஸ் போன பிறகும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, யாரையாவது முறைத்துவிட்டுத்தான் கிளம்பும்.

அதற்காக ஆளை முரடர் என்று நினைத்தால் தப்பு. ஒடிசலான மனிதர். வீட்டில் கரப்பான் பூச்சியைக்கூடத் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளி, "போய்ப் பொழச்சுக்கோ" என்று வழியனுப்புகிற ரகம். இத்தனை வருஷத்தில் பஸ்ஸால் ஒருவர் மேலும் ஒரு கீறல் போட்டதில்லை. அது முழுக்க ஹாரனின் புண்ணியம் என்று அவர் நம்பினார்.

"ஹாரன்னா திட்டுறதுன்னு நெனைக்கிறாங்க," என்பார், கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே. "நான் வர்றேன், பாத்துக்கப்பான்னு சொல்றதுதான் ஹாரன். வாயால சொன்னா கேக்கவா போகுது?"

அவர் பஸ்ஸின் கண்டக்டருக்கு விசில் என்று பெயர். "உங்க பாசத்தைத் தாங்க முடியாம போன வாரம் ஒருத்தன் சைக்கிளோட சாக்கடைக்குள்ள எறங்கிட்டாண்ணே," என்பார் அவர்.

"சைக்கிள்காரன் பேச்சை எடுக்காத."

சைக்கிள்காரர்களுக்கு பாம்பாம் வைத்த பெயர் கொசு. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது, திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ஒழுங்காக ஓரத்தில் போய்க்கொண்டிருப்பவன் காரணமே இல்லாமல் நடுரோட்டுக்கு ஏன் வெட்டி வருகிறான் என்பது அவருக்கு விளங்கியதே இல்லை. அப்படி யாராவது வந்துவிட்டால் ஜன்னல் கண்ணாடியை நகர்த்தித் தலையை வெளியே விட்டு, உலகத்து ஓட்டுநர்களின் பொதுச்சொத்தான அந்தக் கேள்வியைக் கேட்பார்: "வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

அவர் ஹாரனில் இன்னொரு வகையும் இருந்தது. கல்யாணமான புதிதில் தெருமுனை மாடியில் ஒரு வீடு பிடித்தார்கள். இன்றைக்கும் அதே வீடுதான். கடைசி டிரிப் அந்த முனையைத் தாண்டித்தான் டிப்போவுக்குப் போகும். முனை வந்ததும் இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பீப் பீப், பீ...ப். மாடியில் மனைவி என்ன வேலையாக இருந்தாலும் கையை அப்படியே நிறுத்தி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவாள். பஸ்ஸின் முதுகு போவதைப் பார்ப்பாள். பிறகு அடுப்பில் வெந்நீர் வைப்பாள். அவர் வண்டியை விட்டுவிட்டு நடந்து வருவதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் சரியாக இருக்கும். சண்டை போட்ட நாட்களிலும் ஹாரன் உண்டு, வெந்நீரும் உண்டு. பேச்சு மட்டும்தான் இருக்காது. மகள் பேசப் பழகியபோது முதன்முதலில் "அப்பா" என்று கூப்பிட்டது ஒரு பஸ்ஸை.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மூட்டை மூட்டையாக ஈரப் படுக்கைவிரிப்பு தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் உரம் ஏறியிருந்தன. ஆபரேஷன் அறைக்குப் போகும் பச்சைத் துணிகளை மடித்துக் கட்டி, கிருமி சாக ஆவியில் வைக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. கண்ட கை அதைத் தொடக் கூடாது. அந்தப் பிரிவை இந்த வருஷம் அவளிடம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு சலவைக்கூடத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

பாலத்தைத் தாண்டி மார்க்கெட் வரைக்கும் புருஷன் பஸ். அதற்கப்புறம் கடவுள் விட்ட வழி. மார்க்கெட்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் வந்தால் வரும். வராவிட்டால், வராதது நம் குற்றம்தான் என்பது போல ஒரு மௌனம் இருக்கும். அவள் தாமதமாகப் போனால் ஆபரேஷன் அறைத் துணி தாமதமாகும். அங்கே ஒருவரை மேசையில் படுக்கப் போட்டுவிட்டுத் துணி வரும்வரை இருங்கள் என்று சொல்ல முடியாது. மேற்பார்வையாளர் அம்மா இரண்டாம் தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இனியும் தாமதமானால் பச்சைத் துணி வேறொருத்தி கைக்குப் போகும்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி பொதுவாகக் காற்றிடம் சொன்னாள். "நான் சைக்கிள்ல போகலாம்னு இருக்கேன்."

பாம்பாம் வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். "எந்த ரோட்டுல?"

"மாடிப்படியிலயா போக முடியும்? ரோட்டுலதான்."

"அது என் ரூட்டும்மா."

"உங்க அப்பா எழுதி வச்சாரா?"

மகளுக்குச் சோறு புரையேறியது. பதினைந்து வயசு. பள்ளிக்கூடத்தில் எது காணாமல் போனாலும் முதலில் அவள் பையைத்தான் திறக்கச் சொல்வார்கள். பாதி நாள் அது சரியாகவும் இருக்கும். "அப்பா," என்றாள் தண்ணீர் குடித்துவிட்டு, "வீட்டுக்குள்ளயே கொசு வந்துருச்சு. கொசுவத்தி ஏத்தவா?"

அம்மாவுக்கு ஓட்டப் பழக்கியதும் அவள்தான். பள்ளி மைதானத்தில், ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில். முதல் இரண்டு வாரம் அம்மா சைக்கிளை ஓட்டினாள் என்பதைவிட சைக்கிள் அம்மாவை ஓட்டியது என்பதே பொருத்தம். மூன்றாம் வாரம் இரண்டு பேருக்குள்ளும் சமாதானம் ஆனது.

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் பாம்பாம் புத்தி சொல்ல இறங்கினார். "ஓரமா போ. ஒட்டி ஓரமா போ. யாரு ஹாரன் அடிச்சாலும் இன்னும் ஓரமா போ."

ஒரு வாரம் போய்வந்து அவள் சொன்னாள். "ஏங்க, நீங்க ஓரம்னு சொல்ற எடத்துல ரோடே இல்ல. உடஞ்ச கண்ணாடி இருக்கு. மணல் இருக்கு. நிறுத்தி வச்ச கார்ல இருந்து ஒருத்தன் பாக்காம கதவைத் தொறக்கிறான். மழைத்தண்ணிக் கம்பிமூடி இருக்கு, அதுல சக்கரம் எறங்குனா அவ்வளவுதான்."

"கவனமா போகணும்."

"எதைப் பாத்து? கீழயா, பின்னாலயா?"

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அது நடந்தது ஒரு காலை நேரத்தில், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால். பஸ்ஸில் படிக்கட்டு வரை ஜனம். முன்னே போகிற சைக்கிளின் கேரியரில் ஒரு நீல டப்பா கட்டியிருந்தது. தன் வீட்டுச் சாப்பாட்டு டப்பா. அதற்கு மேலே நிமிர்ந்த முதுகு, காலை வெயிலில், யாருக்கும் பயப்படாததுபோல. பாம்பாமுக்கு நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று குளிர்ந்தது. அட, நம்ம ஆளு. என்னமாய் ஓட்டுகிறாள். அந்தச் சந்தோஷம் நேராக உள்ளங்கைக்கு வந்துவிட்டது. வேறு எங்கே வரும்? யாரையும் ஒதுங்கச் சொல்லாமல், யாரையும் விரட்டாமல், ஆசையாக அடித்தார். பீப் பீப், பீ...ப்.

எத்தனையோ வருஷமாக அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பிப் பழகியவள் அவள். திருப்பினாள்.

வீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பினால் தலை மட்டும் திரும்பும். சைக்கிளில் தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பும். கண் மூடித் திறப்பதற்குள் சைக்கிள் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்துவிட்டது.

பாம்பாம் பிரேக்கின் மேல் கிட்டத்தட்ட எழுந்து நின்றார். நின்றிருந்த ஜனமெல்லாம் மாவு மூட்டை மாதிரி முன்னால் வந்து சரிந்தது. கண்டக்டர் விசில், கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி முக்கால் சுற்று சுற்றி நின்றார். பஸ் நின்றபோது டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் சைக்கிள் தெரியவில்லை. அவ்வளவு பக்கம்.

அவர் இறங்கினாரா விழுந்தாரா என்று அவருக்கே தெரியாது. பம்பருக்கு முன்னால் அவள் தரையில் உட்கார்ந்து முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வேறொன்றும் இல்லை. நீல டப்பா திறந்து, மதியச் சாப்பாடு ரோட்டில் கிடந்தது.

பக்கத்தில் வந்து நின்ற காரிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது. "ஏம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

அவள் நிதானமாக எழுந்து துணியில் இருந்த மண்ணைத் தட்டினாள். "சொல்லிட்டுத்தான் வந்தேன். இதோ, இவர்கிட்டதான்."

கார்க்காரன் பாம்பாமைப் பார்த்தான். அவர் முகம் இருந்த நிலையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டான்.

"போங்க," என்றாள் அவள், புருஷனிடம். "பஸ்ல ஜனம் நிக்குது." அப்புறம், குரலைத் தாழ்த்தி, "பாத்து ஓட்டுங்க."

அன்று மீதி டிரிப் முழுக்க அவர் ஹாரனைத் தொடவில்லை. கடைசி டிரிப்பில் தெருமுனையைச் சத்தமில்லாமல் தாண்டினார். வீட்டுக்கு வந்தபோது வெந்நீர் இல்லை.

"நாளையிலிருந்து சைக்கிள் வேண்டாம்," என்றார்.

"அப்ப வேலையும் வேண்டாமா?"

"உயிர் இருந்தாத்தான் வேலை."

"பச்சைத் துணி என் கையில வந்து எத்தனை மாசம் ஆச்சு? அதுக்கு முன்னால எத்தனை வருஷம் அழுக்கு மூட்டை தூக்கினேன்? நீங்க அடிச்ச ஹாரனுக்கு நான் எறங்கணுமா?"

"ஆசையாத்தான்மா அடிச்சேன்."

"தெரியும். அதான் திரும்பினேன்."

இந்தப் பதிலோடு அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. விடிகிற நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் இறங்கி, சைக்கிளின் பின்சக்கரத்துப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வால்வைத் திருகினார். காற்று உஸ்ஸென்று போனது. நடுவயசைத் தாண்டிய மனிதர், அரசாங்க உடுப்பில் பாதியைப் போட்டுக்கொண்டு, சொந்தப் பெண்டாட்டி சைக்கிளில் காற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

படியின் மேலே மகள், வாயில் பிரஷ்ஷோடு.

"சும்மா காத்துப் பாத்தேன்மா."

"வால்வு டியூபைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டா பாத்தீங்க?" அவள் இரண்டு படி இறங்கி வந்து, இந்தத் துறையில் மூத்தவள் என்கிற பொறுப்போடு உட்கார்ந்தாள். "டியூபை எடுக்கவே கூடாதுப்பா. எடுத்தா ஆள் வேலைன்னு தெரிஞ்சுடும். லேசா லூஸ் பண்ணிட்டு மூடியைப் போட்டுடணும். எங்க கணக்கு வாத்தியார் இன்னைக்கு வரைக்கும் டயரைத்தான் சந்தேகப்படுறார்."

பாம்பாமுக்கு எந்த இடத்தில் கோபப்படுவது என்று புரியவில்லை.

"நான் பழக்கி விட்ட ஆளுப்பா அம்மா," என்றாள் மகள். விளையாட்டுக் குரல் இல்லை இப்போது. "விழுந்தா எனக்கும்தான் பயம். ஆனா காத்து பிடுங்கல நான்."

வாசலில் மனைவி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கத்தப்போகிறாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் பம்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எடுத்ததை மாட்டுங்க. போன காத்தை நீங்களே அடிங்க. இன்னைக்கு லீவு போட்டுட்டு என் பின்னாடி ஏறுங்க."

"நானா? கேரியர்லயா? யாராவது பாத்தா?"

"காத்துப் பிடுங்கினதை யாராவது பாத்திருந்தா?"

ஏறினார். தெருவுக்குள் முதல் கொஞ்ச தூரம் சைக்கிள் தள்ளாடியது. பால்காரர் ஒதுங்கி நின்று சிரிப்பை விழுங்கினார். ஈரவிரிப்பு மூட்டையைவிட இவர் கனம் குறைவுதான், ஆனால் மூட்டை இப்படி நெளியாது. பெரிய ரோடு வந்ததும் அவள் சொன்னாள், "நான் திரும்பிப் பாக்க மாட்டேன். பின்னால என்ன வருதுன்னு நீங்க சொல்லுங்க."

ஒரு கையால் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மறு கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டார். "கார் ஒண்ணு," என்றார். "வெள்ளை. மெதுவாத்தான் வர்றான். நல்ல பையன். அடுத்தது வேன். இவன் போன் பேசுறான், படுபாவி."

ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று ரோட்டுக்குள் வளைந்தாள். அவருக்கு உயிர் போய் வந்தது. "ஏம்மா வெட்டுற?" என்று கேட்க வாயைத் திறந்தவர் கீழே பார்த்தார். மழைத்தண்ணிக் கம்பிமூடி. கம்பிகளுக்கு நடுவில் சக்கரம் போய் உட்கார அளவெடுத்ததுபோல நீள நீளமான இடைவெளி. வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் எத்தனை பேரை வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டிருப்பார்.

பாலத்துக்கு முன்னால் ஒரு பஸ் வந்தது. தன் டிப்போ பஸ். ஓட்டுவது அவரிடம் பழகிய பையன். டிப்போவில் சிஷ்யப்பிள்ளை என்பார்கள். ஹாரன் அடிச்சுட்டுப் போ, அடிச்சுட்டா அப்புறம் அவன் பொறுப்பு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். பையன் பாடத்தை மறக்கவில்லை. அடித்தான்.

டிரைவர் சீட்டில் இருந்து கேட்கிற ஹாரன் வேறு, கேரியரில் இருந்து கேட்கிற ஹாரன் வேறு. நான் வருகிறேன், பார்த்துக்கோ என்று அது சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. முதுகில் ஒரு கை வந்து தள்ளியது போல இருந்தது. அவர் உள்ளங்கைக்குக் கீழே மனைவியின் முதுகெலும்பு பலகை மாதிரி இறுகியது. அவள் கழுத்து ஒரு முடி அளவும் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று அது தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருந்தது அவருக்குக் கையில் தெரிந்தது. தகரச் சுவர் ஒன்று முழங்கைக்குப் பக்கத்தில், போய்க்கொண்டே, போய்க்கொண்டே இருந்தது. தன் பஸ் இவ்வளவு நீளம் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

ஜன்னலில் சிஷ்யப்பிள்ளையின் தலை வந்தது. "வீட்டுல சொல்லிட்டு..." கேரியரில் குருநாதரைப் பார்த்ததும் மீதிக் கேள்வி அவன் வாயிலேயே நின்றுவிட்டது.

பஸ் போன பிறகுதான் முதுகு இளகியது.

"தினமும் இப்படியா?" என்றார்.

"இன்னைக்குப் பரவால்ல. பின்னால யாருன்னு தெரிஞ்சுது."

"பயமா இல்லியா?"

"இருக்கு. பாலம் முடியற வரைக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்தப் பக்கம் போய்ட்டா எனக்குன்னு ஒரு எடம் இருக்குங்க. நான் கட்டின துணியை யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. அப்படியே உள்ள எடுத்துட்டுப் போவாங்க."

சலவைக்கூடத்து வாசலில் அவரை இறக்கிவிட்டு உள்ளே போனாள். அவர் பஸ் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தார், ஓரமாக, கண்ணாடித் துண்டுகளைக் காலால் தள்ளிக்கொண்டு.

டிப்போவில் மறுநாள் வரவேற்பு பலமாக இருந்தது. கேன்டீனில் நுழைந்ததும் யாரோ வாயாலேயே சைக்கிள் மணி அடித்தார்கள். "அண்ணே, கேரியர்ல குஷன் போட்டாச்சா?" என்றார் ஒருவர். "டிக்கெட் எடுத்தீங்களாண்ணே?" என்றார் விசில். பாம்பாம் டீயை ஆற்றினார். சிஷ்யப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஹாரன் அடிச்சா அவன் பொறுப்புன்னு உனக்குச் சொன்னேன்ல? அது தப்பு. எடம் இருந்தா தள்ளிப் போ. இல்லைன்னா பின்னாலயே போ."

"எவ்வளவு நேரம்ணே?"

"அவங்க போற வரைக்கும்."

சொல்வது சுலபம். அடுத்த வாரத்தில் ஒரு நாள் அவருக்கே அந்தப் பரீட்சை வந்தது. பாலத்தில் ஏறியதும் முன்னால் நீல டப்பா. பாலம் குறுகல், எதிரே லாரிகள் ஒட்டி ஒட்டி வந்துகொண்டிருந்தன. தாண்ட வேண்டுமானால் முழங்கையை உரசித்தான் தாண்ட வேண்டும். கை பழக்கத்தில் ஹாரன் மேல் போய் உட்கார்ந்தது. அவர் அதைத் தூங்குகிற பூனையைத் தூக்குவது போலத் தூக்கி ஸ்டியரிங்கில் வைத்தார். கியரைக் குறைத்தார். பஸ் சைக்கிளுக்குப் பின்னால், ஒரு கார் அளவு இடம் விட்டு, நடைபோட ஆரம்பித்தது.

பின்னால் உலகமே ஹாரன் அடித்தது. உள்ளே ஜனம் முணுமுணுத்தது.

"என்னப்பா இது, ஊர்வலமா?"

"டிரைவர் தூங்கிட்டாரா?"

"நடந்து போனா முன்னாடி போயிருப்பேன்."

"எறங்கி நடங்க, யாரு பிடிச்சா?" என்றார் விசில். ஆனால் அவரும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "அண்ணே, லேட்டாகுது. ஆபீஸ்ல கேப்பாங்க."

"கேட்டா, முன்னால வண்டி போச்சுன்னு சொல்றேன்."

"சைக்கிள்ணே அது."

"வண்டிதானே?"

முன்னால் போகிற முதுகு முதலில் பலகையாகத்தான் இருந்தது. அது அவருக்குத் தெரியும். கையில் தொட்டு அறிந்த முதுகு. எட்டு ஊருக்குக் கேட்கிற சத்தம் பின்னால் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், அவளுக்கு மிகப் பக்கத்தில், ஒரு பெரிய எஞ்சின் மட்டும் வாயைத் திறக்காமல் வந்துகொண்டிருக்கிறது. பாலத்தின் நடுவில் எங்கோ அந்தத் தோள்கள் இறங்கின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மிதிக்கிற வேகத்தைக் கூட்டவும் இல்லை. பாலத்திலும் ஒரு கம்பிமூடி வந்த இடத்தில் அவசரப்படாமல் வளைந்து, அவசரப்படாமல் ஓரத்துக்குத் திரும்பினாள்.

பாலம் முடிந்து ரோடு அகலமானது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பஸ் தள்ளி, ஒரு ஆள் கையை நீட்டினாலும் படாத தூரத்தில் தாண்டியபோது, ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் மணி அடித்தது.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

பாம்பாம் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ரோட்டையே பார்த்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரித்தார்.

விசில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, அண்ணி நம்ம பஸ்ஸுக்கு மணி அடிக்கிறாங்க? என்னவாம்?"

"ஒண்ணுமில்லப்பா," என்றார் பாம்பாம், கியரை மாற்றிக்கொண்டே. "இன்னைக்கு வெந்நீர் என்னைப் போடச் சொல்றா."